பிழிந்து வாங்கிய கடிதம்

வக்கீலின் முன்னறையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவளை எல்லோரும் அகராதி என்றே கூப்பிட்டார்கள். அகராதிகளோடு குடித்தனம் நடத்துவதால் பாதி, யாருக்கும் வளைந்து கொடுக்காத குணத்தால் மீதி. பெயர் வைத்தவர் வக்கீலேதான். அவளுடைய தாய்மாமா. மற்றவர்கள் சொன்னால் முறைப்பாள், மாமா சொன்னால் மட்டும் பெருமையாக இருக்கும்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும், கட்சிக்காரரை எதிரே உட்காரவைத்து, ஆங்கிலத் தாளைப் பார்த்தபடியே வரிவரியாகத் திரும்பத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகே கையெழுத்து. ஐந்து வருடத்தில் அகராதி இதைத் தவறவிட்டதில்லை, நேற்று வரை.

நேற்று வந்தவர் ஒரு நர்ஸ். இருபது படுக்கைக்கு ஒருத்தி போதாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தவர். மறு வாரமே மேட்ரன் அவரைத் தன் அறைக்கு அழைத்து, முன்னால் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்து, ராஜினாமா எழுதச் சொல்லிவிட்டு வெளியே போனாராம். அரை மணிக்கு ஒருமுறை திரும்பி வந்து, “என்னம்மா, எழுதியாச்சா?” என்று கேட்டாராம். ஒருமுறை தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தாராம். ஆறாவது முறை நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். பதினொரு வருட வேலை மூன்றே வரியில் முடிந்தது.

இன்று காலை விசாரணை. தமிழ் தெரியாத அதிகாரி என்பதால் எல்லாம் ஆங்கிலத்தில். பதினொரு மணிக்குள் தாளைக் கொடுத்தாக வேண்டும். ஒன்பதரைக்கு, விசாரணைக் கட்டடத்தின் வராந்தாவில் நின்றபடி கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்த அகராதி ஒரு சொல்லில் நின்றுவிட்டாள்.

‘எக்ஸ்டார்ட்’ என்று எழுதியிருந்தாள். மிரட்டிப் பறிப்பது. படித்தவுடன் கண்ணில் வந்து நின்றது மேசையைத் தட்டுகிற ஒரு முரட்டுக் கை. தண்ணீர் கொண்டுவந்து வைத்த கை இல்லை.

நர்ஸ் எப்படித் தலையாட்டினார்? யோசித்ததும் விளங்கியது. மூன்று தடவை கேட்ட கதை, மனப்பாடமாகிவிட்டது. திரும்பச் சொல்லும்போது அவள் தாளைப் பார்க்கவே இல்லை. நர்ஸ் சொன்ன தமிழையே நர்ஸிடம் திருப்பி ஒப்பித்திருக்கிறாள். “எழுதி வாங்கிட்டாங்க” என்றால் அவர் தலையாட்டாமல் என்ன செய்வார்?

வராந்தாவின் மறுகோடியில் நின்ற மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பெரிய வார்த்தை இருந்தால் நல்லதுதானே, அதிகாரி நிமிர்ந்து உட்காருவார் என்றார்.

“நிமிர்ந்து உட்கார்ந்து என்ன கேப்பாரு மாமா? என்ன சொல்லி மிரட்டினாங்கன்னு கேப்பாரு. நர்ஸ் அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. மிரட்டலைன்னு சொல்லுவாங்க. அதோட கதை முடிஞ்சுது.”

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வாதம் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. சரி, டபிள்யூவில் தொடங்கும் ‘ரெஸ்ட்’ போடேன் என்றார். அது கையைத் திருகிப் பிடுங்குவது, இங்கே பேனாவைக் கையில் கொடுத்தல்லவா எழுத வைத்தார்கள் என்றாள். ‘எக்ஸாக்ட்’? அது உரிமை உள்ளவர் கறாராக வசூலிப்பது. ராஜினாமா கேட்க மேட்ரனுக்கு உரிமை உண்டு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘கோக்ஸ்’? அது தாஜா பண்ணுவது. அக்கா மனசு குளிர்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். நம் மொழியில் வாங்குவது ஒன்றுதான், முன்னால் ஒட்டுகிற சொல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கெஞ்சி வாங்கலாம், கறந்து வாங்கலாம், அடித்து வாங்கலாம்.

“அப்ப உன் மேட்ரன் எப்படித்தான் வாங்கினா?”

“பிழிஞ்சு. ஈரத்துணிய ஒரே முறுக்குல பிழிய முடியாது மாமா. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப முறுக்கணும். முன்னாடி டபிள்யூ போட்டு ‘ரிங்’னு ஒரு சொல் இருக்கு. அதான் சரி.”

“சின்ன வார்த்தையா இருக்கே.”

“சின்னதுதான். ஆனா உண்மை.”

மாமா எதிரே இருந்த தட்டச்சுக் கடையைக் கைகாட்டினார். பக்கத்தை மாற்றி அடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது நர்ஸ் வந்திருந்தார், இஸ்திரி கலையாத புடவையில். அகராதி சுற்றி வளைக்கவில்லை. நேற்றுத் தாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டதாகவும் ஒரு சொல் தவறாகப் போனதாகவும் சொன்னாள்.

“நான்தான் ஆமான்னு தலையாட்டினேனே, மேடம்.”

“நான் ஒழுங்கா படிச்சிருந்தா ஆட்டியிருக்க மாட்டீங்கக்கா. இப்ப கேளுங்க.”

இம்முறை விரலை ஆங்கில வரியின்மீது வைத்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். விட்டு விட்டுப் பிழிந்து எழுதி வாங்கினார் என்று வந்ததும் நர்ஸ் தலையாட்டவில்லை. இரண்டு கைகளும் மடியிலிருந்து தானாக எழுந்து காற்றில் ஒரு துணியை முறுக்கின. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பத்து நாற்பத்தைந்துக்குத் தாள் உள்ளே போயிற்று.

விசாரணை அறையில் மருத்துவமனையின் வக்கீல் மேட்ரனோடு தயாராக வந்திருந்தார். எழுந்ததும் நர்ஸிடம், மேட்ரன் உங்களை மிரட்டினாரா என்று கேட்டார். அகராதி மொழிபெயர்த்தாள். இல்லை என்றார் நர்ஸ். குரலை உயர்த்தினாரா? இல்லை. கதவைப் பூட்டினாரா? இல்லை. போதும் என்பதுபோல அவர் புன்னகையோடு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

அதிகாரி வாக்குமூலத்தில் ஒரு வரியில் விரலை வைத்திருந்தார். மிரட்டியதாக இவர் சொல்லவே இல்லையே என்றார். பிறகு மேட்ரனைப் பார்த்து, அந்த அறைக்குள் எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டார்.

மேட்ரன் கணக்கில் சுத்தமானவர், அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. ஆறு முறை என்றார். சரியாக அரை மணிக்கு ஒருமுறை.

“முதல் ஐந்து முறையும் இவர் என்ன சொன்னார்?”

“எழுத மாட்டேன் என்றார்.”

சொன்ன பிறகுதான் மேட்ரனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. மருத்துவமனை வக்கீல் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார். மாமா அதற்குள் பேனாவை மூடிவிட்டார். அவர் பேனாவை மூடினால் பேச இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அதிகாரி நிதானமாக எழுதினார். ஐந்து முறை மறுத்தவரிடம் ஆறாவது முறை பெற்ற கடிதம் அவர் விருப்பத்தோடு கொடுத்தது ஆகாது, அது செல்லாது, திங்கட்கிழமை அவரை வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்துக் காட்டினார். அகராதி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நர்ஸ் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அதிகாரியிடம் ஒன்று கேட்கச் சொன்னார்.

“காலை ஷிஃப்டா, மதிய ஷிஃப்டான்னு கேளுங்க மேடம்.”

அகராதி இதற்குச் சொல் தேடாமல் மொழிபெயர்த்தாள்.