மடித்த மூலை

ஸ்டிக்கரை ஒட்டும்போது அதன் வலது கீழ் மூலையை நகத்தளவு உள்ளே மடித்துவிடுவது என் வழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விடுமுறைக் காலத் தள்ளுபடி முடிந்ததும் ஒட்டிய அத்தனையையும் நானேதான் உரிக்க வேண்டும். முதல் வருடம் உரித்து உரித்து இரண்டு கட்டைவிரலிலும் நகம் பிய்ந்து, ஒரு வாரம் மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. மூலை மடிந்திருந்தால் பசை அங்கே பிடிக்காது, இழுத்தால் கையோடு வந்துவிடும். சூப்பர்வைசர் ஒருநாள் பார்த்துவிட்டு, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார். அவர் நகமா போகப் போகிறது? நான் மடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடையின் கிடங்கில் எனக்கு வேலை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடப் பத்து நாள் இருக்கும்போது சிவப்பு ஸ்டிக்கர்கள் சுருள் சுருளாக வந்து இறங்கும். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளைச் சீட்டில் வழக்கமான விலை பதினோராயிரம் என்று இருந்தால், அது தெரியாதபடி மேலே சிவப்பை ஒட்ட வேண்டும். சிவப்பில் பதினெட்டாயிரம் என்று போட்டுக் குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் பன்னிரண்டாயிரம். ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு ஆறாயிரம் மிச்சம் என்று சிரித்துக்கொண்டு போகிறவர்களை மூன்று வருடமாகக் கிடங்கு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே நடப்பது வெளியே போகக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பெட்டி தூக்குவதற்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும்தான் சம்பளம் என்று நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். அதனால் கட்டின புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். லீவு மாதத்தில் பாதிச் சம்பளம். நாங்கள் இருப்பது அவருடைய அண்ணன் வீட்டு மாடியறையில், ஒன்பது வருடமாக. சமையலறை கீழே. அது என் ஓரகத்தியின் ராஜ்ஜியம், ராத்திரி எட்டரைக்குப் பூட்டிவிடுவாள். ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் என்று வெந்நீருக்காகக் கதவைத் தட்டினேன். திறந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் தூக்கம் கெட்ட கதையை அந்த வாரம் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான், தனி வீடு. இரண்டு தெரு தள்ளி ஒன்று அமைந்தது. சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாது. இருக்கட்டும், சாவி என் இடுப்பில் இருக்கும். முப்பதாயிரம் அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் முழுசாகக் கைக்கு வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வீட்டுச் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். இந்த லீவில் எங்கேயும் போகவில்லை, துணி எடுக்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டியைக் கண்டாலே மகளை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி முப்பதாயிரம் சேர்ந்து பீரோவில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், வீட்டு வாசலில் பள்ளிக்கூட வேன். பின்கதவைத் திறந்து அவரும் அண்ணனும் ஒரு பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாஷிங் மெஷின். எனக்குத் தெரியாமல் போய், என் கடையிலேயே, மூன்று மணிநேரம் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"புது வீட்டுக்கு எப்படியும் வேணும்ல. நாளையோட ஆஃபர் முடியுது. ஆறாயிரம் மிச்சம் தெரியுமா?" என்றார்.

அட்வான்ஸ் பணமா என்று கேட்டேன். அதிலிருந்துதான், பன்னிரண்டாயிரம்தானே குறைகிறது, அடுத்த மாதம் தருவதாக அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். போன் பண்ணியும் பார்த்தாராம். முழுசாக வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு என் முதுகைக் காட்டி, துணி துவைத்துவிட்டு நிமிர முடியாமல் நீ நிற்பதைத் தினமும் பார்க்கிறேனே என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அக்கறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓரகத்தி கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இங்கயே கீழ போட்டுக்கலாமே. எல்லாருக்கும் ஆகும்," என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பதில் சொன்னால் வாய் எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர். வலது கீழ் மூலை மடிந்திருந்தது.

நான் ஒட்டியது. என் கையால் ஒட்டி, என் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. மாடிக்குப் போனதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளைச் சீட்டு, சிவப்புச் சீட்டு, கையெழுத்து எல்லாம். அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து பில்லை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"மூணு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

நீங்கள் மட்டும் என்னைக் கேட்டுவிட்டா வாங்கப் போனீர்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார விடுமுறை. கடை திறந்ததும் வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். கடைசி நாள் கூட்டம், பில் போடும் இடத்திலிருந்து வாசல் வரை தள்ளுவண்டிகள். தள்ளுபடியில் வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கவுண்டருக்கு மேலே பலகை தொங்கியது. ஏணியில் ஏறி அதை மாட்டியவளும் நான்தான். கவுண்டரில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, சங்கடப்பட்டு, சூப்பர்வைசரை அழைத்து வந்தாள். எங்களுக்கு வேண்டியது எங்கள் பன்னிரண்டாயிரம், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை என்று சொன்னேன். அவர் பலகையைக் காட்டினார். கூட வேலை பார்க்கிறவள் என்று பார்த்துச் செய்யுங்கள் என்றேன். அப்படிச் செய்தால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள் என்றார். சுவரில் மணி பதினொன்று இருபது. பின்னால் வரிசையிலிருந்து யாரோ, சீக்கிரம் ஆகட்டும் என்று அலுத்துக்கொண்டார்கள். என் கண் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரின் மூலைக்குப் போனதை சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

திரும்பி அவரைப் பார்த்தேன். அவருடைய அப்பா உட்பட நாலு பேர் சாப்பிடுவது அவர் சம்பளத்தில்தான் என்று எனக்குத் தெரியும். அதற்காக என் சமையலறையை எடுத்துக்கொள்வாரா? பெட்டியின் பக்கம் நகர்ந்தேன். கணவர் என் தோளைத் தொட்டு, வேண்டாம், விட்டுவிடு, வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்றார். நான் குனிந்து மடித்த மூலைக்கடியில் கட்டைவிரல் நகத்தை விட்டேன்.

மூன்று வருடமாகப் பழகின வேலை, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. உள்ளே வெள்ளைச் சீட்டு புத்தம் புதிதாக இருந்தது, பதினோராயிரம். சிவப்பைத் தரையில் போடாமல் கவுண்டரின் மேல் விரித்து ஒட்டினேன். சூப்பர்வைசர் அதைக் கையால் மூடினார். எங்களுக்குப் பின்னால் நின்ற பெண், அதுவரை அலுத்துக்கொண்டிருந்தவள், வெள்ளைச் சீட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தள்ளுவண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். கைப்பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அதில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரின் வலது கீழ் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.