மூன்றுக்கு அடியில் நான்கு

மோட்டார் மூடி புத்தம் புதிதாக மின்னியது. அதைப் பார்த்ததும் அக்கா தம்பியின் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

படகுத்துறையில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றி ஓட்டும் படகு அவளுடையது. அதன் பின்னால் தொங்கும் மோட்டாரும் அவளுடையது. அந்த மோட்டாரின் மூடியைக் கழற்றித் தம்பியின் ஸ்டிக்கர் கடையில் கொடுத்தது அவள் செய்த முதல் தப்பு. "நீ போக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று அவன் சொன்னதை நம்பிக் கிளம்பியது இரண்டாவது தப்பு.

"என்னடா இது?"

"எது?"

"இந்த நம்பர்."

தம்பி மூடியைச் சுற்றி வந்து பார்த்தான். சிவப்புக் கோடு ஒரு பிசிறில்லாமல் வளைந்து ஓடியது. வெள்ளி எழுத்து பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, கொட்டை கொட்டையாக, 40.

"நாப்பது" என்றான்.

"நம்ம மோட்டார் எவ்வளவு?"

"முப்ப..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்தால் கையில் எதையாவது எடுத்துவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த ஏரியில் முப்பது குதிரைத்திறனுக்கு மேல் மோட்டார் ஓடக்கூடாது. பெரிய மோட்டார் கிளப்பும் அலை கரையைத் தின்றுவிடும் என்று சட்டம். வருடத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு மோட்டாரையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். இரும்புத் தகட்டில் கம்பெனி அடித்த எண்ணெல்லாம் எப்போதோ துருவுக்கு இரையாகிவிட்டது. அதனால் படத்தில் மூடியின் மேல் என்ன தெரிகிறதோ, அதுதான் மோட்டார். நேற்று அவள் மோட்டாரைப் பார்த்துவிட்டு, "இது மூணா எட்டான்னே தெரியலம்மா. புது ஸ்டிக்கர் ஒட்டி வைங்க, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த 'நாளைக்கு' இன்றைக்கு வந்துவிட்டது. அனுமதி புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள். தவறினால் துறையில் அவள் படகு கட்டும் இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இடம் இல்லாத படகை வீட்டு வாசலில் நிறுத்திப் பூச்செடிதான் வைக்கலாம்.

"நாப்பது உனக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

"பழைய ஸ்டிக்கர்தான் சுத்தமா தேய்ஞ்சு போச்சேக்கா. அதை வச்சு எப்படி டிசைன் எடுக்கறது? கூலிங் கிளாஸ் அண்ணனும் இதே கம்பெனி, இதே மூடி. அவர் கடைக்குக் கொண்டு வந்தப்ப எடுத்து வச்ச டிசைன் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அப்படியே வெட்டிட்டேன். நான் கோட்டைப் பார்த்தேன், வளைவைப் பார்த்தேன். நம்பரை யாரு பார்த்தா?"

கூலிங் கிளாஸ் என்பவர் பக்கத்துப் படகுக்காரர். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர்.

"அந்த ஆளோட மோட்டார் முப்பதுதானேடா?"

"இப்ப முப்பது" என்றான் தம்பி. "கொண்டு வரும்போது நாப்பது. நாலு மேல ஒரு மூணு ஒட்டிக் கொடுன்னு கேட்டார். ஒட்டினேன். நம்பர்னா ஏதோ ராசி பார்க்கறாரு போலன்னு நினைச்சேன்."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்த ஆள் அவளை நடு ஏரியில் முந்திக்கொண்டு போய், அக்கரையில் நிற்கும் சவாரியையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற ரகசியம் தன் கூடப்பிறந்தவனின் கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"இதை வெளியில மூச்சு விட்டே, ஒட்டிக் கொடுத்தவன்னு உன்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவாங்க. புரியுதா?"

"புரியுது."

"இப்ப இந்த நாலை எடு."

தம்பி தலையைச் சொறிந்தான். "எடுக்கறது கொஞ்சம் கஷ்டம். மேல கிளியர் கோட், அதான் அந்தப் பளபளப்பு வார்னிஷ், அடிச்சுட்டேன். ரெண்டு கோட். வெயில்லயும் காய வச்சுட்டேன்."

"உன்னை யாருடா அடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ஆனா அடிக்காம விட்டா ஒரு ஃபினிஷிங் இருக்காதுக்கா."

ஹேர் டிரையரை வைத்துச் சூடு காட்டினார்கள். ஓரம் சுருண்டதே தவிர விடவில்லை. நகத்தால் கிள்ளினாள். நகம்தான் உடைந்தது. பிளேடை எடுத்தாள். தம்பி பதறிப்போய்க் கையைப் பிடித்தான். "சுரண்டினா பெயின்ட்டோட வந்துடும். மூடி மேல சொறி வந்த மாதிரி ஆயிடும். நான் சொல்றதைக் கேளு. நாலு மேல ஒரு மூணு ஒட்டிடலாம். ரெண்டு பக்கமும் ரெண்டே நிமிஷம்."

துறையிலிருந்து போன் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அக்கா பிளேடைக் கீழே வைத்தாள். அது மூன்றாவது தப்பு.

நாலு மேல மூணை ஒட்டி, துறைக்குக் கொண்டுபோய் மாட்டிய மூடியைப் பார்த்து இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். "அடடே, கம்பெனியிலேருந்து வந்த மாதிரியே இருக்கே. யார் வேலை?"

"நான்தான் சார்" என்றான் தம்பி.

அக்கா அவன் காலை மிதித்தாள். பாராட்டு காதில் விழுந்துவிட்டால் அவனுக்குக் கால் இருப்பதே மறந்துபோகும்.

"இது என்ன சார், அவசரத்துல பண்ணினது. அதோ, அந்த அண்ணன் மோட்டாரைப் பாருங்க, நிதானமா பண்ணினேன். அடியில நாலு இருக்குன்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க."

பக்கத்துப் படகில் கறுப்புக் கண்ணாடி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் அந்தப் படகுக்கு நடந்தார். மூன்றின் மேல் விரலை ஓட்டினார். நின்றார். திரும்பி வந்து அக்காவின் மூன்றின் மேலும் அதே விரலை ஓட்டினார்.

"இங்கேயும் அடியில நாலுதான் இருக்கு."

"இருக்கு சார்" என்றாள் அக்கா. "ஆனா மோட்டார் முப்பது. இந்த அறிவுக்கொழுந்து தப்பா ஒட்டிட்டான்."

"இதையேதான் அவரும் சொல்வார்."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் கூலிங் கிளாஸ் பக்கத்திலிருந்து. "எனக்கும் இந்தப் பையன்தான் தப்பா ஒட்டிட்டான்."

"அண்ணே, நீங்கதானே கேட்டீங்க?" என்றான் தம்பி பரிதாபமாக.

"நீ பேசாதே" என்று அக்காவும் கூலிங் கிளாசும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் போனைப் பையில் போட்டார். "ரெண்டு பேருக்கும் அனுமதி கிடையாது. மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்துட்டு, அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரம் என்றால் இடம் போய்விடும். அக்கா சட்டென்று படகில் இறங்கினாள்.

"பிரிக்க வேண்டாம் சார். ஏறுங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க. முப்பது எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, கைப்பிடியைக் கடைசி வரை முறுக்கினார். படகு கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மோட்டார் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. கரை மட்டும் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தது.

"முழுசா முறுக்கிட்டேனே" என்றார் அவர்.

"இவ்வளவுதான் சார்."

"இதுக்கு மேல போகாதா?"

"போகாது சார். பின்காத்து அடிச்சா கொஞ்சம் போகும்."

ஒரு வருடமாக எந்த வேகத்துக்காகப் பயணிகளிடம் திட்டு வாங்கினாளோ, அந்த வேகத்தை இன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு.

கூலிங் கிளாசுக்கு முகம் வேர்த்திருந்தது. "இன்னிக்கு மோட்டாருக்கு உடம்பு சரியில்ல சார். நானே மெதுவா ஓட்டிக் காட்டறேன்."

"நகருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். கைப்பிடியைப் பிடித்து அதே மாதிரி முறுக்கினார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கூலிங் கிளாஸ் மல்லாந்து விழுந்தார். இன்ஸ்பெக்டரின் தொப்பி பறந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் ஈரமே இல்லை. "நீங்க ஆபீசுக்கு வாங்க" என்று கூலிங் கிளாசிடம் சொன்னார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "நீயும்."

பிறகு அக்காவிடம் வந்தார். "உங்களோடது முப்பதுதான், சந்தேகமே இல்லை. ஆனா அடியில நாலு தெரியற படத்தை என்னால அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பிடுவாங்க."

 அக்கா மூடியைக் கழற்றி மடியில் வைத்தாள். தம்பியின் கடைப் பைக்குள் கைவிட்டாள். பிளேடை எடுத்தாள். ஒரு வருடத்து எரிச்சலையும் சேர்த்துச் சுரண்டினாள். மூன்று வந்தது, நான்கு வந்தது, கிளியர் கோட் வந்தது, பெயின்ட்டும் சுருள் சுருளாக வந்தது. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பையில இருக்கற மூணை எடு."

"நான் ஒட்டறேன்க்கா."

"எடுன்னு சொன்னேன்."

சொரசொரத்த மூடியில் இரண்டு பக்கமும் அவளே ஒட்டி, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். இன்ஸ்பெக்டர் இரண்டு படம் எடுத்தார். போனில் ஏதோ தட்டினார். காத்திருந்தார். அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வந்துடுச்சு. ஓட்டுங்க" என்றார்.

படிக்கட்டில் காத்திருந்த சவாரிகள் ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். தம்பி தண்ணீரில் முழங்கால் வரை நின்று மூடியையே உற்றுப் பார்த்தான்.

"அக்கா, மூணு லேசா வலது பக்கம் சாஞ்சிருக்கு. அரை நிமிஷம் கொடு, எடுத்துட்டு நேரா..."

அக்கா கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினாள். மீதியை அவன் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.