சிவகடாட்சம் அவர்கள் காலமானார்

எங்கள் கம்பனியின் மெயிலில் ஓட்டை இருக்கிறது என்று முதலாளியிடம் அன்றைக்கு ஏழாவது தடவையாகச் சொன்னேன். மயிலிட்டித் துறைமுகத்தில் இறங்கும் நண்டைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி. முதலாளி அடைக்கலநாதன் ஐயா முன்பு நாலு படகு ஓட்டுவித்தவர். கணினி என்று பேர் உள்ள எல்லாவற்றுக்கும் இங்கே பொறுப்பு பிரதீபா ஆகிய நான். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, அதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

"மெயிலைத் திறந்தாலே காணும், ஐயா. ஒண்டையும் அமத்தத் தேவையில்லை. உள்ளுக்கை ஒளிச்சு வைச்ச கட்டளை தன்பாட்டிலை ஓடும். பிறகு எங்கடை கடிதமெல்லாம் கள்ளன்ரை கையிலை. ஓட்டையை அடைக்கிற திருத்தம் வந்து மூண்டு கிழமையாச்சு. ரெண்டு மணித்தியாலம் மெயிலை நிப்பாட்டினால் போட்டிடுவன்."

"ரெண்டு மணித்தியாலமோ? அதுக்கிடையிலை சிங்கப்பூர்க்காரன் வேறை ஆளிட்டை நண்டு வாங்கிப்போடுவான்" என்றார். "எங்கடை ஆக்கள் கண்ட மெயிலும் திறக்கிற ஆக்களில்லைப் பிள்ளை. வேணுமெண்டால் சோதிச்சுப் பாரும். நாளைக்கு மத்தியானத்துக்கிடையிலை ஒராள் திறந்தாலும் நிப்பாட்டுறன். ஒருத்தரும் திறக்காட்டி நீர் வேறை இடம் பாத்துக்கொள்ளும்."

எனக்குக் கோபத்தில் விசர் வந்தது. வேறு ஒருத்தியென்றால் யோசித்திருப்பாள். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் யோசித்தேன். இந்த வேலை போனால் தெல்லிப்பழையில் இருந்துகொண்டு எனக்கு வேறு எங்கே இப்படி ஒரு வேலை?

அன்று பின்னேரமே பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில் போட்டேன். உள்ளே நான் எழுதிய ஒரு வரி இருந்தது. அது ஒரு தீங்கும் செய்யாது, திறந்தவரின் பேர், நேரம், இடம் மட்டும் எனக்குச் சொல்லும். ஒருவரும் திறக்கவில்லை. வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று இன்னொன்று. அதையும் திறக்கவில்லை. கேதீஸ்வரி அக்கா, ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுபவர், "உவங்கள் கள்ளர், தொடாதேங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லிவேறு திரிந்தார். எனக்குப் பெருமையும் வந்தது, வேலை போய்விடும் என்ற பயமும் வந்தது.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு மூன்றாவது மெயிலை அனுப்பினேன். "மரண அறிவித்தல். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் நல்லூரை வதிவிடமாகவும் கொண்ட வைத்திலிங்கம் சிவகடாட்சம் அவர்கள் காலமானார்." அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. தேநீர் குடித்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நானே உண்டாக்கிய பேர்.

பதினொரு நிமிடத்தில் எல்லோரும் திறந்துவிட்டார்கள். முதலில் திறந்தது முதலாளி.

அதோடு நின்றிருந்தால் நல்லது. கேதீஸ்வரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்கடை அம்மா வழிச் சொந்தம், பிள்ளை. பல்லுக் கொஞ்சம் மிதப்பு. சரியான சாது."

"என்னட்டைத்தான் முதல் வலை வாங்கினவர். நல்ல மனுசன்" என்றார் முதலாளி.

ஐஸ் அறைக்குப் பொறுப்பான தேனுஜன் செத்தவீட்டுக்கு எல்லோரும் போக வான் பிடித்துவிட்டு, மலர்வளையத்துக்கும் சொல்லிவிட்டான். வீடு எந்த ஒழுங்கை என்று நாலு பேர் நல்லூருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனியும் பேசாமல் இருந்தால் பாவம் என்று எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கேதீஸ்வரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "இது செல்லாது. செத்தவீடு எண்டால் ஆர்தான் திறக்காயினம்? நாளைக்கு நீர் வரத்தேவையில்லை."

"கள்ளன் செத்தவீட்டுப் பேரிலை வரமாட்டான் எண்டு உங்களிட்டை எழுதித் தந்தவனோ, ஐயா?" என்றேன். போகிறதுதான் போகிறேன், ஒவ்வொருவர் பேராக வாசித்துக் காட்டிவிட்டே போகிறேன் என்று திறந்தவர்களின் பட்டியலை எடுத்தேன். என்னை விட்டால் கம்பனியில் மெயில் உள்ளவர்கள் இருபத்தாறு பேர். எல்லோரும் முன்னால் நின்றார்கள். இருபத்தாறு பேரையும் வாசித்து முடித்தேன். ஆனால் பட்டியல் முடியவில்லை.

இருபத்தேழாவது பேர் ஷெரோன்.

ஷெரோன் எங்களோடு வேலை செய்தவன், பாரிசுக்குப் போய் இரண்டு வருடம். அவனுடைய மெயிலை நான் மூடவில்லை. மூடினால் ஊரில் ஒரு நல்லது கெட்டது அவனுக்கு எப்படித் தெரியும், வெட்டிவிட்ட மாதிரி இருக்குமே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

தேனுஜன் அவனுக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கப் போட்டான்.

"அந்த மெயிலோ அண்ணை? வந்த முதல் மாதமே பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்றான் ஷெரோன். "எனக்கு எல்லாரும் வைபரிலைதானே சொல்லுறவை. ஏன், ஆர் செத்தது?"

நான் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். திறந்த நேரம் காலை ஒன்பது பத்து. திறந்த இடம், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருவர்கூட இன்னும் போய்ச் சேராத ஒரு நாடு. அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப ஆரோ உள்ளுக்கை நிக்கிறான்" என்றார் முதலாளி மெதுவாக. "எவ்வளவு காலமா?"

"தெரியாது, ஐயா. எந்த வழியாலை வந்தவன் எண்டும் இன்னும் தெரியாது. ஷெரோன்ரை பெட்டியை மூடாதது என்ரை பிழை."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கணினியைப் பார்த்தார். சிங்கப்பூர் என்ற பேர் அவர் வாயில் வரவில்லை.

"நிப்பாட்டும்" என்றார்.

எனக்கு வாய் சும்மா இராது. "நாளைக்கு வரத்தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். உள்ளுக்கை நிக்கிறவனைக் கலைக்காமல் உம்மை இண்டைக்கு ஆர் வீட்டை விடுறது? வீட்டை போகாத ஆள் பிறகெப்பிடி நாளைக்கு வாறது?"

கேதீஸ்வரி அக்காதான் முதலில் சிரித்தார். நான் மெயிலை நிறுத்தினேன், ஷெரோனின் பெட்டியைப் பூட்டினேன், திருத்தத்தைப் போடத் தொடங்கினேன். முதலாளி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்துகொண்டு, "இப்ப என்ன நடக்குது, பிள்ளை?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டிருந்தார்.