லொரேன் மேஃபீல்டின் ஜப்பானிய ஆல்பம்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அகல்யாவின் குரல் வெறும் காற்றாகிவிட்டது. திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். லீவு போட்டுவிட்டு பாணேர் ஃபிளாட்டில் முடங்கிக் கிடந்தவளுக்காக, கணவன் ஷ்யாம் கேம்ப் பஜார் பக்கம் சுனில் என்பவரின் கடையில் நான்கு பழைய இசைத்தட்டுகள் வாங்கி வந்தான். நான்கும் லொரேன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க ஜாஸ் பாடகியுடையவை. ஒன்று ஆங்கிலம், மற்றவை இத்தாலியன், ஜெர்மன், ஜப்பானியம்.

"அந்தம்மாவுக்கு இந்த பாஷை எதுவும் தெரியாதாம். காதுல கேட்டு அப்படியே பாடினாங்களாம்" என்றான்.

அகல்யா முதல் மூன்றையும் பகலெல்லாம் கேட்டாள். கூடவே உதடசைத்தாள், பிறகு முணுமுணுத்தாள். ஒரு மதியம் ஒரு இத்தாலியப் பாட்டை முழுசாக வாய்விட்டுப் பாடினாள். ஷ்யாம் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"வந்துடுச்சு ஷ்யாம்!"

அவன் கைகள் தளர்ந்தன. கனத்த, புகை படிந்த குரல். அகல்யாவுடையது இல்லை.

அவள் உடனே கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டாள். "அம்மா, நான்தான்."

"யாருங்க பேசறது? அகல்யாகிட்ட குடுங்களேன்" என்றார் அம்மா.

அன்று சாயங்காலம் இத்தாலியத் தட்டை மறுபடி சுழலவிட்டார்கள். பியானோ வந்தது, டிரம்ஸ் வந்தது. பாட வேண்டிய இடத்தில் யாரும் பாடவில்லை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அப்படியே. நான்காவதைத் தொட அகல்யாவுக்குப் பயமாக இருந்தது. "எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள்.

கடையில் சுனில், கீறல் இருக்கிறதா என்று பார்க்க, ஜப்பானியத் தட்டைத்தான் எடுத்துப் போட்டார். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் வரும் குரல் பாட ஆரம்பித்தது. ஷ்யாமைத் திட்டிய, சிரித்த, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் "போயிட்டு வரேன்" என்று சொன்ன அதே குரல்.

"என்ன இனிமை!" என்று ஹிந்தியில் வியந்தார் சுனில்.

ஷ்யாமின் கண் நிறைந்துவிட்டது. "இதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்."

"வேண்டாம்."

"அது நீதான், அகல்யா."

"அப்போ நான் யாரு?"

ஷ்யாம் தட்டை உறைக்குள் போட்டான். மற்ற மூன்றையும் கொடுத்துவிட்டு அதை மட்டும் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தான்.

அகல்யா பிம்ப்ரி ஆபீஸுக்குத் திரும்பினாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஷ்யாம் அவளிடம் பேசுவது குறைந்தது. அவள் வாய் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் இருக்கும்போது அந்தத் தட்டைப் போடவே மாட்டான். அவன் வேலை வீட்டிலிருந்தபடிதான்.

ஒரு நாள் மீட்டிங் ரத்தாகி அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பழைய குரல் ஜப்பானியத்தில் பாடிக்கொண்டிருந்தது. சாவியைத் தேடிப் பையைத் துழாவினாள்.

"டீ போடட்டுமா?" என்று உள்ளே ஷ்யாம் கேட்டான். எத்தனையோ நாளாக அவன் அவளிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

பாட்டு நின்றது.

"சர்க்கரை கம்மியா" என்றது குரல், தமிழில்.

 அகல்யா சாவி தேடுவதை விட்டுவிட்டு பெல்லை அழுத்தினாள்.

 உள்ளிருந்து அவளுடைய பழைய குரலே சொன்னது:

"யாருன்னு பாரு, ஷ்யாம்."