இடதுகால் பிரேக்

குலசேகரத்துக்கு மேலே அந்த ரப்பர் எஸ்டேட்டில் காலை பத்து மணிக்குள் பால் வெட்டு முடிந்துவிடும். அதன் பிறகு நான்கு கிலோமீட்டர் மண்பாதையை ஒரு கார் ராலி டீமுக்கு விட்டிருந்தார்கள். இரண்டு நாள் சோதனை ஓட்டம். டீமில் இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். பத்து நாளில் போட்டி. புதிய எஞ்சின் ஒன்றுதான் வந்திருந்தது. சோதனையில் முந்துகிறவரின் காரில் அது ஏறும்.

ஒரு ஓட்டுநர் மார்த்தாண்டத்து ஆன்ட்ரூஸ். பழைய கை. இன்னொருத்தி பூதப்பாண்டி சுபிதா. முப்பத்தொரு வயது.

இருவரும் ஓட்டும் விதமே வேறு. ஆன்ட்ரூஸ் வளைவு மூக்குக்கு நேரே வரும்வரை ஆக்சிலேட்டரை விடமாட்டார். பிறகு ஒரே மிதி, ஒரு ஹேண்ட் பிரேக். கார் குறுக்கே திரும்பி, செம்மண் மரத்தின் பாதி உயரத்துக்கு எழும். சுபிதா ஓட்டினால் தூசியே குறைவு. வலதுகாலை ஆக்சிலேட்டரில் வைத்தபடியே, இடதுகாலால் பிரேக்கை லேசாகத் தொடுவாள். பின்பக்கம் இளகி, கார் தானாக வளைவுக்குள் போகும். அதற்காகவே முன்பக்கத்து அதிர்வுதாங்கியான டேம்பரைத் தளர்த்தி, பின் டயர்களில் காற்றைக் கொஞ்சம் கூட்டியிருந்தாள். எவ்வளவு தளர்த்துவது, எவ்வளவு காற்று என்று பிடிபட ஒரு வருடம் ஆனது. எந்த வளைவில் எப்படி மிதிப்பது என்பது உட்பட எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. நோட்டு ஜினிஷாவிடம் இருந்தது.

ஜினிஷா அவளுடைய நேவிகேட்டர். பக்கத்து இருக்கையில் இருந்து, வரப்போகும் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று குறிப்பிலிருந்து எண்ணாக முன்கூட்டியே வாசித்துச் சொல்பவள். நாகர்கோவில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் தொடங்கிய சிநேகம். ஒருமுறை கார் கவிழ்ந்தபோது, பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

முதல் நாள் சுபிதா நான்கு விநாடி முன்னால் இருந்தாள். இரண்டாம் நாள் முதல் ஓட்டத்தில் ஆன்ட்ரூஸ் அவளை இரண்டு விநாடி முந்திவிட்டார். ஒரே ராத்திரியில் ஆறு விநாடி.

எஞ்சினியர் நாராயணபெருமாள் இருவரின் ஓட்டத்தையும் லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். நீலக்கோடு சுபிதா, சிவப்பு ஆன்ட்ரூஸ். பாதையில் கலுங்குப் பாலத்தை ஒட்டிய வளைவு வந்ததும் சிவப்புக்கோட்டின் மேல் அவள் விரலை வைத்தாள். பிரேக் ஏறுகிறது, ஆக்சிலேட்டர் இறங்கவே இல்லை. நேற்றுவரை ஆன்ட்ரூஸ் இடதுகாலால் பிரேக் மிதித்தவர் இல்லை.

“பின் டயர்ல எத்தன பவுண்டு அண்ணே?” என்று கேட்டாள்.

ஆன்ட்ரூஸ் பெருமாளைப் பார்த்தார். பிறகு சொன்னார். அவள் வைத்திருந்த அதே எண்.

சுபிதா காருக்குப் போனாள். ஜினிஷா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, நோட்டை அவருக்குக் காட்டுனியா?”

ஜினிஷா பொய் சொல்லவில்லை. “காட்டுனேன்.”

“எப்பம்?”

“நேத்து சாயங்காலம். நீ குளிக்கப் போனப்பம்.”

“எதுக்குட்டி?”

“அடுத்த சீசன் அவருகூட இருக்கேன். மலேசியால மூணு ராலி. ரெண்டு மாசம் முன்னாடியே சம்மதிச்சாச்சு.”

“ரெண்டு மாசமா இத மனசுல வச்சுகிட்டா எனக்க பக்கத்துல இருந்த?”

“சொன்னா நீ விடுவியா? ஆறு வருசமா எனக்க வாயிதான் உனக்குக் கண்ணு. பேப்பர்ல ஒரு நாளாவது எனக்க பேரு வந்திருக்கா? நீயாவது சொல்லியிருக்கியா?”

ஜினிஷா சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்தக் குறையை இந்தக் காரியத்துக்கு ஈடாக வைக்கச் சுபிதாவால் முடியவில்லை.

பெருமாளிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காருக்க செட்டப் டீமுக்குள்ளது பிள்ளே. இன்னைக்கில்லாட்டா நாளைக்கு நானே அவருக்குக் குடுப்பேன். கடைசி ஓட்டம் ஒண்ணு கெடக்கு. அதுல காட்டு.”

வேறு நேவிகேட்டர் அன்றைக்கு அங்கே இல்லை. இருவரும் பெல்ட்டை மாட்டினார்கள். எப்போதும் ஜினிஷாவின் தோள்பெல்ட்டைச் சுபிதாதான் இழுத்து இறுக்குவாள். அன்று இழுக்கவில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் நன்றாகவே போனது. தடுமாறாத அதே குரல், அதே தாளம். “இடது நாலு, இறுகும்… மேடு, முழுசா அமுக்கு.”

அந்த மேட்டுக்கு அப்பால் பாதை கண்ணுக்குத் தெரியாது. நூறு தடவை காலை எடுக்காமல் தாண்டிய மேடு. ஜினிஷா ‘அமுக்கு’ என்றால் அப்பால் நேர்பாதை இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யோசித்ததில்லை. இப்போது கால் தானாக மேலே வந்தது. கார் முனகிக்கொண்டு மேடேறியது. அப்பால் பாதை நேராகத்தான் கிடந்தது.

“ஏன் கால எடுத்த?” என்றாள் ஜினிஷா. “சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்ன.”

அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். தப்பாக வாசிக்கமாட்டாள் என்று சுபிதாவின் மண்டைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. ஆன்ட்ரூஸை விடப் பதினொரு விநாடி பின்தங்கி வந்து நின்றார்கள். பெருமாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புதிய எஞ்சின் பெட்டியை ஆன்ட்ரூஸின் கார் பக்கம் தள்ளச் சொன்னார்.

ஜினிஷா நோட்டை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. “மக்கா, இதாவது வாங்கு.”

“வச்சுக்கோ. அவருக்கு வாசிக்க இன்னும் ரெண்டு பக்கம் பாக்கியிருக்கும்” என்றாள் சுபிதா.

மூன்றாம் நாள் டெல்வின் என்ற புது நேவிகேட்டர் வந்தான். குறிப்பு எழுதுவதில் கெட்டிக்காரன் என்றார்கள். போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. பழைய எஞ்சின் காரில் அவனை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாள். அவன் ஒவ்வொரு வளைவாகத் தெளிவாகவே வாசித்தான். ஒவ்வொன்றையும் அவள் முன்னால் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

“அக்கா, இப்படியே போனா நாம கடைசியாத்தான் வருவோம்” என்றான் அவன்.

“தெரியும். நீ வாசி” என்றாள்.