கழித்துப்போட்ட தகடு

பதுளைக் கீழ்த்தெருவில் இருந்த கடையின் பலகையில் ஜுனைதீனின் பெயர் மட்டுமே எழுதியிருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பதும் போட்டோ பிடிப்பதும் அவன் தொழில். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரப் படக்காரரிடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டு வந்திருந்தான். கடையின் பின்கட்டில் கூரை ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி போட்டு ஒரு கொட்டகை, அதை ஒட்டி ஓர் இருட்டறை. அந்த இருட்டறையில் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் கல்யாணமான புதிதில் மனைவி லரீபாவைக் கூப்பிட்டான். விளக்கைப் பிடித்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மழைக்காலம் போவதற்குள் மருந்து கலக்கவும், கண்ணாடித் தகட்டில் உருவம் எழுப்பவும், தாளில் அச்சிடவும் பழகிவிட்டாள்.

அவள் முதன்முதலாகக் கமராவின் பின்னால் நின்றது 1911ஆம் வருடத்தில். புடவைக்கடை ஹாஜியாரின் மனைவி ஸவாஹிராதான் அதற்குக் காரணம். மகளின் படம் ஒன்று வேண்டும், ஆனால் ஆம்பிளைக்கு முன்னால் உட்கார்த்த முடியாது என்று சொல்லியனுப்பினாள். ஜுனைதீன் யோசித்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"நீ எடுப்பியா?"

"எடுப்பன்."

படம் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு ஊரின் முஸ்லிம் வீடுகளிலிருந்து பெண்கள் திரைபோட்ட வண்டியில் பின்வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். எடுப்பவள் லரீபா. கூலி மட்டும் அவரவர் கணவன்மார் வழியாக ஜுனைதீனின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நினைக்க வைத்தவள் தனலெட்சுமி.

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள் அவள். சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு கடை வாசலில் வந்து நின்றாள். முசிறிப் பக்கத்தில் இருக்கும் தாய் பேரப்பிள்ளையைப் பார்த்ததில்லை, படம் அனுப்ப வேண்டும் என்றாள். கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். ரவிக்கை போடும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. ஜுனைதீன் அவளைப் பின்கட்டுக்கு லரீபாவிடம் அனுப்பினான்.

"கூடையெல்லாம் வேணாங்க முதலாளியம்மா. கொழுந்து பறிக்கிறவ மாதிரி இருக்கக் கூடாது. எங்காத்தா பாத்தா, மக நல்லாருக்கான்னு நெனைக்கணும்."

"கூடையே இல்ல. வந்து நாக்காலியில இரிங்க."

"நாக்காலியிலயா?" என்று கேட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை சரியாக வரவில்லை. படம் பிடிக்க லரீபா கமராவின் ரப்பர் குமிழை அழுத்திய அதே நேரத்தில் குழந்தை முந்தானையைப் பற்றி இழுத்தது. சேலை தோளிலிருந்து சரிய, தனலெட்சுமி கூச்சத்தில் சிரித்தபடி அதைப் பிடிக்கப் போனாள். இருவரும் சிரித்தார்கள். லரீபா சேலையை ஒழுங்குசெய்து, புதுத் தகடு போட்டு மறுபடி எடுத்தாள். இரண்டாவது படத்தில் ஒரு குறையும் இல்லை.

போகும்போது தனலெட்சுமி மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்து, காசை லரீபாவின் கையிலேயே வைத்தாள்.

"நீங்கதான புடிச்சீங்க. ஒங்ககிட்டதான் குடுக்கணும்."

அந்தக் காசு நெடுநேரம் லரீபாவின் உள்ளங்கையிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் தனக்கு ஒரு தொழில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மாலையில் இரண்டு தகடுகளையும் கழுவினாள். கெட்டுப்போனதை ஜுனைதீனிடம் காட்டி, "இத இப்பவே சுரண்டிப் போடணும்" என்றாள்.

"வை, நான் சுரண்டுறன். கண்ணாடி வீணாப் போகாது."

இரண்டு நாள் கழித்து மறக்காமல் கேட்டாள். "சுரண்டியாச்சு" என்றான்.

அடுத்த வருடம் மழை விட்டிருந்த ஒரு காலையில், பின்வாசலில் யாரோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். தனலெட்சுமிதான். குழந்தையில்லாமல் வந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. லரீபா வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவள் காலடியில் வீசினாள்.

"இது ஆருன்னு பாருங்க!"

தபால் அட்டை. சரிந்த சேலையும் கூச்சச் சிரிப்புமாகத் தனலெட்சுமி. குழந்தை இருந்த பக்கத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அதனால் அவள் யாரையோ பார்த்து வேண்டுமென்றே சேலையை நழுவவிட்டுச் சிரிப்பது போல் இருந்தது. கீழே இங்கிலீசில் ஒரு வரி.

"தேயிலத் தோட்டத்துக் கூலிப் பொம்பளன்னு போட்டிருக்காம். தொர பங்களாவுக்கு வந்த வெள்ளக்காரன் கொழும்புல வாங்கிட்டு வந்தானாம். சமையக்காரன் எடுத்தாந்து பேக்டரியில காட்டிப்புட்டான். காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுல நின்னா ஆம்பளைங்க ஒருத்தன் பாக்கியில்லாம என்னயப் பாத்துச் சிரிக்கிறான். எம்புருசன் அடிச்ச அடியப் பாத்தீங்களா? எவன்கிட்டடி இப்புடி நின்னேன்னு கேக்குறாரு. பொம்பளதான் புடிச்சான்னா நம்ப மாட்டேங்குறாரு!"

"நான் இதக் குடுக்கல்ல, தனலெட்சுமி. அல்லா மேல ஆணை."

"நீங்கதான புடிச்சீங்க? ஒங்க கையிலதான காசு குடுத்தேன்?"

 தனலெட்சுமி உட்காரவில்லை, தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டாள்.

லரீபா அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். ஆட்கள் இருக்கும்போது அவள் முன்கடைக்குள் கால் வைத்ததே இல்லை. அன்றைக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் நிற்பதையும் பார்க்காமல் அட்டையைக் கடிகாரங்களுக்கு மேலே வைத்தாள். அவர் மெல்ல வெளியே நழுவினார்.

ஜுனைதீன் அட்டையைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான்.

"கொழும்புல அட்டை அடிக்கிற கம்பனிக்காரன் வந்தான். தோட்டத்துப் படம் கேட்டான். மலைப் படம், பேக்டரிப் படம் எல்லாம் காட்டினன். இதத்தான் புடிச்சிச்சி அவனுக்கு."

"சுரண்டியாச்சு எண்டு சொன்னீங்க."

"சும்மா கத்தாத. எங்கட ஊட்டுப் பொம்பளைகள்ட படத்தக் குடுத்தேனா? ஹாஜியார்ட மகள்ட படத்தக் குடுத்தேனா? அது தோட்டத்துப் பொம்பளதானே. ரோட்டுல எல்லாரும் பாக்கிற பொம்பள."

லரீபாவுக்கு இதுவரை அவன் மேல் வந்த கோபமெல்லாம் சமையலறையிலேயே ஆறிப்போகும் கோபம். இது வேறு. 

"ரோட்டுல அவ போனா அது அவ இஷ்டம். இங்க அவ என்னய நம்பி வந்தா. ஹாஜியார்ட மகளும் அதே நாக்காலியிலதான் இருந்தா. அவட மானம் தங்கம், இவட மானம் தவிடா?"

"இப்ப என்ன செய்யச் சொல்ற? வித்தது வித்ததுதான்."

"கொழும்புக்குப் போங்க. அந்தக் கண்ணாடியக் கொண்டு வாங்க. இருக்கிற அட்டையெல்லாம் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த இருட்டறைக்குள்ள நான் வர மாட்டன். ஒரு படம் கழுவ மாட்டன்."

"பொம்பள சொல்லி நான் போகணுமா?"

"போகாட்டி, ஹாஜியார் ஊட்டுக்கு நான் போறன். ஒவ்வொரு ஊட்டுக்கும் போறன். பொம்பளைகள்ட படத்த எண்ட மாப்பிள்ள விக்கிறார் எண்டு நானே சொல்றன்."

அவன் மறுநாள் விடிந்ததும் பண்டாரவளைக்கு வண்டியேறி, அங்கிருந்து கொழும்பு ரயிலைப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தான். துணியில் சுற்றிய தகடும், விற்காமல் மீந்த அட்டைக்கட்டும் கையில் இருந்தன. மற்றவை கப்பலேறிப் போய்விட்டன என்றான். தகட்டுக்கு வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்று புலம்பத் தொடங்கியவனை லரீபா நிறுத்தினாள்.

"அத எனக்குத் தர வேணாம். அவட கையில நீங்கதான் குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை திரைபோட்ட வண்டியில் அவள் போனாள். அவன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். தோட்டத்து லயக் குடியிருப்புக்குள் போகக் கங்காணியின் அனுமதி வேண்டும் என்பதால், ரோட்டோரப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொல்லியனுப்பினார்கள். தனலெட்சுமி குடத்தோடு வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் நல்லையாவும், வேடிக்கை பார்க்க இன்னும் பலரும் வந்தார்கள்.

லரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். ஜுனைதீன் தகட்டை நீட்டி, தரையைப் பார்த்தபடி, "தவறு நடந்திட்டுது தங்கச்சி" என்றான்.

"எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் தனலெட்சுமி. "நடந்தது என்னான்னு எனக்குத் தெரியும். இந்தா நிக்கிறாரே, இவருகிட்ட சொல்லுங்க. அந்தா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறானுங்களே, அவனுங்ககிட்ட சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

அவன் லரீபாவைப் பார்த்தான். அவள் முகத்தில் இரக்கம் இல்லை.

"படம் எடுத்தது எண்ட பொஞ்சாதி" என்றான். பிறகு குரலை உயர்த்தினான். "புள்ள இழுத்துத்தான் சேல சரிஞ்சது. படத்தில புள்ள இருந்த பக்கத்த வெட்டிப்போட்டு அட்டை அடிச்சிருக்காங்க. வித்தது நான். இந்தத் தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. நல்லையா தலையைக் குனிந்துகொண்டான். தனலெட்சுமி அவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா? நான் சொன்னப்ப ஏறல. இந்த ஆளு சொன்னாத்தான் ஏறுதா?"

பிறகு தகட்டைப் பீலிக் கல்லின் மேல் ஓங்கி அடித்தாள். துண்டுகள் தண்ணீரோடு வாய்க்காலில் ஓடின. அட்டைக்கட்டை ஒரு கிழவர் கொளுத்தினார். ஈரத்தில் அது சரியாக எரியவில்லை.

"கப்பல்ல போனத எப்புடிம்மா ஒடைக்கிறது?" என்று தனலெட்சுமி கேட்டாள். குரலில் இப்போது சத்தம் இல்லை.

"தெரியாது" என்றாள் லரீபா. "ஒங்களுக்கு வேற படம் எடுத்துத் தாறன். காசு வேணாம்."

"வேணாம். எடுத்தது போதும்."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். நல்லையா கொஞ்சம் தள்ளியே பின்னால் நடந்தான்.

திரும்பும் வழியில், "இனி இதோட முடிஞ்சிது. ஊருக்குள்ள வாயத் திறக்காத" என்றான் ஜுனைதீன். லரீபா மறுநாள் காலையிலேயே ஸவாஹிராவின் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுடைய மகளின் தகட்டை எடுத்துப்போய் அவள் கையிலேயே கொடுத்தாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சில வீடுகளில் தகட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஹாஜியார் கடைக்கு வந்து, தெருவே கேட்கும்படி ஜுனைதீனை ஏசிவிட்டுப் போனார். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. "எண்ட பிழைப்பில மண்ணப் போட்டுட்டா" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மண்ணப் போட்டது ஆரு எண்டு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. பின்கட்டுக் கண்ணாடியில் பாசி படர்ந்தது. பிறகு ஒருநாள் ஸவாஹிராவே இளைய மகளோடு பின்வாசலில் இறங்கினாள். கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது.

"கண்ணாடிய எங்கட கையில தந்திருவீங்கதானே?"

"அச்சடிச்ச அண்டைக்கே தருவன். கூலிய எண்ட கையிலதான் தரணும். வேற ஆர்ட கையிலயும் இல்ல."

அந்த இரண்டு நிபந்தனைகளோடுதான் லரீபாவின் தொழில் மறுபடி தொடங்கியது. ஜுனைதீன் முன்கடையில் கடிகாரங்களோடு இருந்துகொண்டான். கேட்டால் மருந்து வாங்கிக் கொடுத்தான். அதற்கு மேல் அவனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

தோட்டங்களிலிருந்து யாரும் வரவில்லை. சம்பள ஞாயிறுகளில் கீழ்த்தெரு முழுக்கத் தோட்டத்துப் பெண்கள் நடப்பார்கள். வளையல் வாங்குவார்கள், கருவாடு வாங்குவார்கள். அந்தக் கடைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிப் போனார்கள். லரீபா அதை ஜன்னல் திரையின் இடுக்கு வழியாகப் பார்ப்பாள். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஜுனைதீன் மேல் அவளுக்கு முதல் நாள் போலவே கோபம் வந்தது. அதை ஆற்றிக்கொள்ள அவள் முயலவில்லை.