ஜெனரல் சொன்ன ‘இங்கிஹ்’

ஓய்வுபெற்ற ஜெனரல்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது என் வேலை. ஜகார்த்தாவில் எங்கள் துறைமுகக் கம்பெனிக்கு மூன்று ஆலோசகர்கள், மூவரும் பழைய ஜெனரல்கள். மாதம் இரண்டு முறை வருவார்கள், காபி குடிப்பார்கள், யாருக்காவது போன் போடுவார்கள். எங்கோ முடங்கிக் கிடந்த கோப்பு ஒன்று நகரும். அவர்கள் எந்தெந்தப் பதவியில் இருந்தார்கள் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுப்புவோம். பூசி மெழுகுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் மூவரை இருவராகக் குறைக்க வேண்டும் என்றார் டைரக்டர் திகோர். அவர் சுமத்ராவின் பத்தாக் இனத்தவர், ஜாவாக்காரர்களான எங்களைப் போலச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“அந்தப் பிரவோத்தோ பெரியவர்கிட்ட என்னதான் இருக்கு, இபு நஸ்திதி? ஒரு பக்கம் நிறைஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை மஞ்சள் சோத்து விருந்து போட்டு வழியனுப்பிடலாம்.”

எனக்குப் பிரவோத்தோவைப் பிடிக்கும். மற்ற இரண்டு பேரும் ‘இபு’, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுக் காபிக் கோப்பையை நீட்டுவார்கள். இவர் எழுந்து நிற்பார். எப்படியாவது அந்தப் பக்கத்தை நிரப்பிவிடுவது என்று பணிப் பட்டியலைப் புரட்டினேன். கடைசி ஒன்பது வருடமும் ‘ஸ்டாஃப் ஆஹ்லி’ என்று இருந்தது. நிபுணர்! ‘ஒன்பது ஆண்டுகள் ராணுவத் தலைமைக்கே ஆலோசனை வழங்கியவர்’ என்று எழுதி அவரிடம் காட்டினேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், “இங்கிஹ்” என்றார். அவ்வளவுதான்.

வெளியே அவருடைய டிரைவர் பைமின் சோயாவில் செய்த தெம்பே வறுவல் தின்றுகொண்டிருந்தார். பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் ஜெனரலை விடாமல் கூடவே வந்தவர். தாளை வாங்கிப் பார்த்தவருக்குச் சிரிப்பில் புரையேறியது.

“ஸ்டாஃப் ஆஹ்லின்னா என்னன்னு நினைச்சீங்க, இபு? பட்டாளத்துல அது வண்டி நிறுத்துற இடம். ஓடற வண்டியை யாராவது அங்க விடுவாங்களா? நட்சத்திரம் குடுப்பாங்க, மேசை குடுப்பாங்க, வேலை மட்டும் குடுக்க மாட்டாங்க. எங்க கமாண்டன் ஒன்பது வருஷம் குறுக்கெழுத்துப் போட்டாரு.”

“எதுக்காக அவரை நிறுத்தினாங்க?”

“தொண்ணூத்தெட்டு மே மாசம். யுனிவர்சிட்டி வடக்கு கேட்டு.” ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோம் என்று தோன்றியதோ என்னவோ, தெம்பேயை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

அதிபர் பதவி விலக வேண்டும் என்று நாடு முழுக்க மாணவர்கள் போராடிய மாதம் அது. அந்தக் கேட்டில் நான் இருந்தேன். இருபது வயது, மூன்றாவது வரிசை, கண்ணீர்ப் புகைக்குப் பயந்து கண்ணுக்குக் கீழே பற்பசை அப்பியிருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் பட்டாளம் வரும், இந்த முறை ரப்பர் குண்டு இல்லை என்று செய்தி வந்திருந்தது. யாரும் வரவில்லை. மதியத் தொழுகைக்கு அழைப்புக் கேட்டது, அக்கம்பக்கத்துப் பெண்கள் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். ஏன் வரவில்லை என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியவில்லை. பிறகு கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சர்க்கரை வியாதிகூட வந்துவிட்டது. வராமல் போன அந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஜெனரலிடமே கேட்டேன். “ஜகார்த்தாவுலேர்ந்து போன் வந்துது. அப்ப நான் கர்னல். ‘பன்னெண்டுக்குள்ள கேட்டைக் காலி பண்ணு, தேவைப்பட்டா சுடு’ன்னாங்க. ‘இங்கிஹ்’னேன்” என்றார்.

பட்டாளத்தில் உத்தரவுக்குப் பதில் ‘சியாப்’. தயார் என்று அர்த்தம், சொன்னால் செய்தாக வேண்டும். ‘இங்கிஹ்’ எங்கள் ஜாவா வீட்டுச் சொல். சரி என்றும் பொருள், காதில் விழுந்தது என்றும் பொருள். பிடிக்காத சொந்தக்காரர் விருந்துக்கு அழைத்தால் ‘இங்கிஹ்’ என்போம், போக மாட்டோம். ‘இங்கிஹ் இங்கிஹ் ஓரா கெபங்கிஹ்’, ஆமாம் ஆமாம் என்பான், ஆளைக் காணோம் என்று பழமொழியே உண்டு. உத்தரவுக்கு ஒரு கர்னல் ‘இங்கிஹ்’ என்றால் அது மறுப்பு இல்லாமல் வேறென்ன? ஒரே மூச்சில் எழுதினேன்: ‘மாணவர்களைச் சுட மறுத்ததால் பதவி இழந்தவர்.’

திகோர் துள்ளிக் குதித்தார். “பக்கமா இது? தங்கம்! இவர் இருக்கட்டும். இன்னிக்கே கையெழுத்து வாங்கிடுங்க.”

தாளை நீட்டினேன். ஜெனரல் வெகுநேரம் படித்தார்.

“இங்கிஹ்.”

“இது எந்த இங்கிஹ், பாக்?” என்று அந்த ஐயாவையே கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அதுதாம்மா எனக்கும் தெரியல. நீங்க எழுதியிருக்கறது நல்லாத்தான் இருக்கு. ஆனா போனை வெச்சதும் நான் பைமினைக் கூப்பிட்டேன். லாரியைக் கிளப்பு, தோட்டா ஏத்துன்னேன். அவன் சியாப் சொல்லல, ‘இங்கிஹ்’னான். பத்து நிமிஷம் கழிச்சு வந்து, நாலு லாரியும் கிளம்பல, பாட்டரி செத்துப்போச்சுன்னான். நாலும்! நான் அப்படியே உக்காந்துட்டேன். மணி பன்னெண்டு அடிச்சிடுச்சு.”

“பாட்டரி நிஜமாவே செத்துதா?”

“நான் கேட்டதில்லை.”

இருபத்தேழு வருடம் ஒரே காரில் போயிருக்கிறார்கள், கேட்டதில்லையாம்! எனக்கு எரிச்சலாக வந்தது. நானே கதவைத் திறந்து பைமினைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஜெனரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கமாண்டன் வந்து பாக்கலையே” என்றார். “அம்பது அடி தூரம்தான். வந்து சாவியைத் திருகிப் பாத்துடுவாரோன்னு நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். ஏன் வரல, கமாண்டன்?”

“தெரியலையேப்பா” என்றார் ஜெனரல்.

எழுபத்தைந்து வயது மனிதர், பரீட்சையில் விடை மறந்த பிள்ளை போல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“அந்தக் கேட்டுல நான் இருந்தேன், பாக்.”

அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அப்ப நான் உங்களைத்தான் சுடச் சொல்லியிருக்கேன்.”

இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த நன்றியை என்ன செய்வது? இவருக்குச் சொல்வதா, பைமினுக்குச் சொல்வதா, இல்லை இவரை நன்றாக ஏசிவிடுவதா? அழுகை மட்டும் வந்தது. பைமின் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அதில் தெம்பே எண்ணெய் வாசம்.

ஜெனரல் நின்றபடியே என் வரியை அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினார்: ‘சுட உத்தரவிட்டார். லாரிகள் கிளம்பவில்லை. அவர் போய்ப் பார்க்கவில்லை.’ கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதன் விலை என்னவென்று அவருக்குத் தெரியும்.

திகோர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டியலை எடுத்து மூன்றாவதாக இருந்த பிரவோத்தோவின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

“என்ன எழவு இது, இபு? கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த ஆளு நல்லவரா, கெட்டவரா?”

“தெரியல, பாக்” என்றேன். “நான் உயிரோட இருக்கேன். அது மட்டும்தான் தெரியும்.”